நீர்ப்படலத்தைக் கிழித்து எழும் பாக்டீரியா: பரப்பு இழுவிசை குறைக்கும் பெப்டைடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரப்பு இழுவிசை பாக்டீரியாவுக்கு ஏன் இவ்வளவு பெரிய தடை?

குளத்து நீர் மேல் பூச்சி மூழ்காமல் ஓடுவதைப் பார்த்திருப்போம். நமக்கு அது வேடிக்கை. ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள உயிருக்கோ அந்த நீர்த்தோல் தலைக்கு மேல் பூட்டிய கதவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை வெப்பத்தில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாக்டீரியா இழையை அதன் சுற்றளவு முழுவதும் நீர் பிடித்து இழுக்கும் விசை சுமார் 0.23 மைக்ரோநியூட்டன். அதே இழை 100 மைக்ரோமீட்டர் நீளம் வளர்ந்திருந்தாலும், அதன் எடை இந்த விசையில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான். காற்றில் எழ வேண்டிய பாக்டீரியாவுக்குப் புவியீர்ப்பு ஒரு பொருட்டே இல்லை. அதைக் கட்டிப்போடுவது தண்ணீர்தான்.

இதையே அழுத்தக் கணக்கில் சொன்னால், அந்த இழையின் நுனி நீர்ப்பரப்பைப் புடைத்துக்கொண்டு வெளியே வரச் சுமார் 290 கிலோபாஸ்கல் தேவை. இது கிட்டத்தட்ட மூன்று வளிமண்டல அழுத்தம். இழுவிசை 72-லிருந்து 30-க்கு இறங்கினால் 120 கிலோபாஸ்கல் போதும். இந்தப் பெப்டைடுகள் (அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலிகள்) பாக்டீரியாவுக்கு வாங்கித் தரும் முதல் சலுகை இதுதான்.

பெப்டைடு இதை எப்படிச் செய்கிறது?

மூலக்கூறின் ஒரு முகம் நீர் விரும்பும், மறுமுகம் நீர் வெறுக்கும். ஆகவே அது நீருக்குள் தங்காமல் நீரும் காற்றும் சந்திக்கும் எல்லைக்குப் போய் அடுக்கி உட்கார்ந்துகொள்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி அங்கே தளர்கிறது. சோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் சோப்பும் இந்தப் பெப்டைடுகளும் ஒன்றல்ல. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம், ஏனென்றால் பெரும்பாலோர் தடுமாறும் இடம் அதுதான்.

எந்தப் பாக்டீரியா எந்தப் பெப்டைடைச் செய்கிறது?

நன்றாக ஆராயப்பட்டவை இரண்டு: மண்ணில் வாழும் ஸ்டிரெப்டோமைசிஸ் சீலிகலர் செய்யும் சாப்-பி, பேசில்லஸ் சப்டிலிஸ் செய்யும் சர்ஃபாக்டின். இவை தவிர செராட்டியா மார்செசன்ஸ் செராவெட்டின்களைச் செய்கிறது. சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸின் சில வகைகள் விஸ்கோசின் செய்கின்றன. மொட்டுக் காளானில் பழுப்புப் புள்ளி நோய் தரும் சூடோமோனாஸ் டோலாசியின் ஆயுதமான டோலாசின் 18 அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்று. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் செய்யும் பீனால்-கரை மோடுலின்களும் இந்தக் குடும்ப குணமுள்ளவையே. சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் ராம்னோலிப்பிடை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. வேலை ஒன்றுதான், ஆனால் அது சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தது, பெப்டைடு அல்ல.

ஸ்டிரெப்டோமைசிஸின் வாழ்க்கையில் சாப்-பி எந்த இடத்தில் வருகிறது?

மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினைச் செய்யும் கூட்டம் இது. தனித்தனிச் செல்லாக வாழாமல், பூஞ்சைபோல இழை இழையாக, பாக்டீரியா வளர்க்கும் கூழான அகாருக்குள்ளும் மேலும் பரவும். இரண்டு மூன்று நாளில் உணவு குறையத் தொடங்கும்போது, ஈரமான அடிப்படலத்திலிருந்து சில இழைகள் காற்றுக்குள் எழும். மினுமினுப்பாக இருந்த காலனி அப்போது வெள்ளைப் பஞ்சு போர்த்தியதுபோல் ஆகும். பிறகு அந்த வான்இழைகளில் குறுக்குச் சுவர்கள் விழுந்து, ஒவ்வொரு அறையும் விதைபோல உறங்கும் ஒரு ஸ்போராகி, காலனி சாம்பல் நிறத்துக்கு மாறும்.

அந்த வெள்ளைக் கட்டத்துக்குள் நுழையும் வாசலில்தான் சாப்-பி வெளியே கொட்டப்படுகிறது. அது 21 அமினோ அமிலங்கள் கொண்டது, சுமார் 2,000 டால்டன் எடை. முதலில் ராம்-எஸ் என்ற 42 அமினோ அமில முன்வடிவமாக, செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் தயாராகிறது. ராம்-சி என்ற நொதி அதில் லாந்தியோனின் என்ற கந்தகப் பாலங்களைப் போட்டு இரண்டு வளையங்களை உருவாக்குகிறது. முன்பாதி வெட்டப்படுகிறது. ராம்-ஏ, ராம்-பி இரண்டும் சேர்ந்த கடத்தி அதை வெளியேற்றுகிறது. இந்த மரபணுத் தொகுதியை முடுக்கிவிடுவது ராம்-ஆர். நைசின்போன்ற கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளின் கட்டமைப்புதான், ஆனால் சாப்-பி கிருமியைக் கொல்வதில்லை. கட்டட வேலைக்கு மட்டும். இந்த வேதியியல் 2004-ல்தான் தெளிவானது. அதுவரை சாப்-பி எந்த மரபணுவிலிருந்து வருகிறது என்பதே விவாதமாக இருந்தது. ஸ்டிரெப்டோமைசின் தரும் ஸ்டிரெப்டோமைசிஸ் கிரிசியஸிலும் இதே வகைப் பெப்டைடு உண்டு. அங்கே அதன் பெயர் ஆம்ஃப்-எஸ்.

‘வழுக்கை’ மியூட்டண்ட் என்றால் என்ன? அருகில் வேறு காலனி இருந்தால் அதற்கு ஏன் முடி முளைக்கிறது?

வான்இழை எழாத மியூட்டண்ட்களுக்கு (மரபணு மாறிப்போன வகைகளுக்கு) வழுக்கை என்று பெயர். மரபணுப் பெயரும் அதிலிருந்து வந்த பிஎல்டிதான். தட்டைச் சாய்த்து விளக்கொளியில் பார்த்தால் காலனி தோல் பதனிட்டதுபோல் சுருங்கி, ஈரமாக, பளபளவென்று இருக்கும். குச்சியால் தொட்டால் பஞ்சு ஒட்டாது. சத்தான அகாரில் இவை சாப்-பி செய்வதில்லை.

இந்த வழுக்கைக் காலனியிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இயல்பான காலனியை வளர்த்தால், அதை நோக்கியிருக்கும் ஓரத்தில் மட்டும் வெள்ளைப் பிறை ஒன்று முளைக்கும். 1991-ல் ஜோன் வில்லியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்புதான் துறையையே திருப்பியது. சாப்-பி செல்லுக்கு வெளியே போய்விடும் பொருள். வெளியே போன பொருள் அண்டை வீட்டுக்கும் சொத்து. தூய்மைப்படுத்திய சாப்-பியைத் தடவினாலும் இழை எழும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அப்படி எழும் இழை ஸ்போர்ச் சங்கிலியாக முதிர்வதில்லை. கதவு திறந்தது, அவ்வளவுதான். வீட்டைக் கட்டி முடிக்க அந்தச் செல்லின் சொந்த மரபணுக்கள் வேண்டும்.

வழுக்கை மியூட்டண்ட்கள் ஒன்றுக்கொன்று உதவுவதிலும் ஒரு வரிசை உண்டு. சங்கிலியில் பின்னால் நிற்பது முன்னால் நிற்பதற்கு முடி முளைக்க வைக்கும், எதிர்த்திசையில் நடக்காது. தொடர்ச்சியாகப் பல சமிக்ஞைகள் கடந்து, கடைசியில்தான் சாப்-பி வருகிறது என்பதற்கு இது ஆதாரம்.

என் வழுக்கை மியூட்டண்டுக்கு ஒரு தட்டில் முடி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. கலப்படமா?

முதலில் அகாரைப் பாருங்கள். 10.3 சதவீதம் சுக்ரோஸ் கொண்ட ஆர்2ஒய்இ போன்ற சத்தான ஊடகத்தில்தான் சாப்-பி உற்பத்தியாகிறது, அங்கேதான் அதன் தேவையும். மானிடால் சேர்த்த குறைந்தபட்ச ஊடகத்தில் பெரும்பாலான வழுக்கை மியூட்டண்ட்கள் சாப்-பி இல்லாமலே வான்இழை விடும். பிஎல்டி-பி போன்ற சில மட்டும் விதிவிலக்கு. எனவே ‘வழுக்கை’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் எந்த ஊடகம், எத்தனை நாள் என்று சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் அந்தப் பதிவு பயன்படாது.

ஸ்போர் சேகரிக்க வழக்கமான ஊடகம் சோயா மாவு 20 கிராம், மானிடால் 20 கிராம், அகார் 20 கிராம், ஒரு லிட்டர் குழாய் நீர். இரண்டு முறை ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். 28 முதல் 30 டிகிரியில் வளர்க்கலாம். இந்த ஊடகத்தைப் பார்த்து மியூட்டண்டை எடைபோடாதீர்கள். மானிடால் இங்கேயும் இருக்கிறது.

அப்படியானால் கொஞ்சம் சோப்பு போட்டாலும் இழை எழுமா?

எழாது. பரப்பு இழுவிசையைக் குறைத்தால் போதும் என்றால் எந்தப் பொருளும் சாப்-பிக்கு மாற்றாக இருந்திருக்க வேண்டும். ஸ்கிசோஃபில்லம் காளானின் எஸ்சி3 என்ற ஹைட்ரோஃபோபின் புரதம் உண்மையிலேயே மாற்றாக நின்றது. 1998-ல் அது காட்டப்பட்டது. ஆனால் பேசில்லஸின் சர்ஃபாக்டின், சாப்-பியைவிடக் குறையாமல் இழுவிசையைக் குறைத்தும், ஸ்டிரெப்டோமைசிஸுக்கு நேர் எதிராக வேலை செய்கிறது: வான்இழை நின்றுபோகிறது, வளர்ச்சி மரபணுக்களின் இயக்கமும் குலைகிறது. 2006-ல் வெளியான கலப்பு வளர்ப்பு ஆய்வின் முடிவு இது. அதே சர்ஃபாக்டின் இல்லையென்றால் பேசில்லஸ் காலனியின் சொந்த மேடுகள் எழாது. ஒருவனுக்கு ஏணி, இன்னொருவனுக்குப் பூட்டு. இழுவிசை அளக்கும் கருவியில் வரும் எண்ணை மட்டும் வைத்து எந்தப் பெப்டைடின் உயிரியல் வேலையையும் முடிவு செய்யாதீர்கள்.

வெளியே வந்த இழை மறுபடி ஈரத்தில் சரிந்துவிடாதா?

அதைத் தடுப்பவை சாப்ளின்கள் என்ற புரதங்கள். ஸ்டிரெப்டோமைசிஸ் சீலிகலரில் எட்டு உண்டு, மூன்று நீளமானவை, ஐந்து குட்டையானவை. 2003-ல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் விவரித்தன. அமைலாய்டு நார்களாகக் கோத்து, இழையின் மேல் நீர் ஒட்டாத உறையாகப் படிகின்றன. ராட்லின்கள் என்ற வேறு புரதங்கள் அந்த உறைக்குக் கம்பிக் கோலம் போடுகின்றன. சாப்-பி சத்தான ஊடகத்தில் மட்டும் தேவை, சாப்ளினோ எல்லா ஊடகத்திலும் தேவை.

பேசில்லஸிலும் இதற்கு இணையான பிஎஸ்எல்-ஏ என்ற புரதம் உண்டு. முதிர்ந்த, சுருக்கம் விழுந்த பேசில்லஸ் உயிர்ப்படலத்தின் (செல்கள் பசைக்குள் கூடி வாழும் படலம்) மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர்போல முத்தாக நின்று, தட்டைச் சாய்த்தால் உருண்டு ஓடும். 80 சதவீத எத்தனால்கூட அதை நனைக்காது. மேற்பரப்பில் மருந்து தெளித்து இத்தகைய படலத்தை அழிக்க முயல்பவர்கள் தோற்பதற்கு இது ஒரு நேரடிக் காரணம்.

சர்ஃபாக்டின் எப்படித் தயாராகிறது? எங்கள் பேசில்லஸ் 168 வகை ஏன் அதைச் செய்வதில்லை?

சர்ஃபாக்டின் 1968-ல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது. ஏழு அமினோ அமிலங்கள் வளையமாக, கூடவே 13 முதல் 15 கார்பன் கொண்ட கொழுப்பு அமில வால். வரிசை: குளூட்டமிக் அமிலம், லியூசின், டி-லியூசின், வாலின், ஆஸ்பார்டிக் அமிலம், டி-லியூசின், லியூசின். ரைபோசோம் இதைத் தொடுவதில்லை. மூன்று மாபெரும் நொதிகள் தறிபோல ஏழு கட்டங்களில் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோக்கின்றன. 20 மைக்ரோமோலார் அளவே நீரின் இழுவிசையை 72-லிருந்து 27-க்கு இறக்கிவிடும்.

அந்த நொதிகள் வேலை செய்ய, எஸ்எஃப்பி என்ற இன்னொரு நொதி அவற்றில் ஒரு கொக்கியை மாட்ட வேண்டும். உலகம் முழுக்க ஆய்வகங்களில் புழங்கும் 168 வகையில் எஸ்எஃப்பி மரபணு சட்டக நகர்வால் (டிஎன்ஏ எழுத்து கூடியோ குறைந்தோ வாசிப்பு பிறழும் பிழை) பழுதாகிவிட்டது. தறி இருக்கிறது, கொக்கி இல்லை. நல்ல எஸ்எஃப்பி பிரதி ஒன்றைக் கொடுத்தால் சர்ஃபாக்டின் திரும்ப வருகிறது. ஆனால் கூட்டப் பரவல் (வால்போன்ற கசையிழைகளைச் சுழற்றி, செல்கள் கூட்டமாகத் தட்டின் மேல் பரவுவது) வராது. 168-ல் எஸ்டபிள்யூஆர்-ஏ என்ற மரபணுவும் பழுது. இரண்டையும் சரிசெய்ய வேண்டும், அல்லது ஆய்வகப் பழக்கம் ஏறாத 3610 வகையை எடுக்க வேண்டும். நாம் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்வது: 3610-ஐ எடுங்கள்.

இன்னொரு பொறி: சர்ஃபாக்டின் மரபணுத் தொகுதியை மொத்தமாக நீக்கினால், அதற்குள் ஒளிந்திருக்கும் காம்-எஸ் என்ற சிறு மரபணுவும் போய்விடும். டிஎன்ஏவை உள்வாங்கும் திறன் அதோடு போகும். காம்-எஸ்ஸைத் தொடாத நீக்கத்தைத் திட்டமிடுங்கள்.

சர்ஃபாக்டின் வெறும் வழுக்கும் எண்ணெய்தானா?

இல்லை. அது செய்தியும்கூட. செல்கள் நெருக்கமாகும்போது காம்-எக்ஸ் என்ற பெப்டைடு சேர்ந்து, சர்ஃபாக்டின் உற்பத்தியைத் தொடங்கிவைக்கிறது. வெளியே வந்த சர்ஃபாக்டின் அண்டைச் செல்களின் சவ்வில் பொட்டாசியம் கசியச் செய்கிறது. அந்தக் கசிவை கின்-சி என்ற கைனேஸ் (சமிக்ஞை கடத்தும் நொதி) உணர்ந்து, உயிர்ப்படலப் பசையைச் செய்யும் மரபணுக்களைத் திறக்கிறது. பொட்டாசியத்தைக் கசியவிடும் நிஸ்டாட்டின் போன்ற, உருவத்தில் சம்பந்தமே இல்லாத பொருள்களும் இதையே செய்கின்றன. 2009-ல் காட்டப்பட்ட இன்னொரு சங்கதி: சர்ஃபாக்டின் செய்யும் செல்களும் அதற்குப் பதில் சொல்லிப் பசை செய்யும் செல்களும் வேறுவேறு. ஒரே மரபணுக்கள், ஒரே தட்டு, ஆனாலும் வேலைப் பிரிவினை.

கூட்டப் பரவல் சோதனையை எப்படிச் செய்வது?

எல்பி என்ற வழக்கமான சத்து ஊடகத்தில் 0.7 சதவீதம் அகார். 9 சென்டிமீட்டர் தட்டில் அளந்து 25 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். ஆறியதும் வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஃப்ளோவில் மூடியைத் திறந்து 20 நிமிடம் உலர விடுங்கள். 37 டிகிரியில் ஒளியடர்த்தி (செல்களால் வரும் கலங்கலின் அளவு) 0.5 வரை வளர்ந்த செல்களில் ஒரு மில்லிலிட்டரைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, 50 மைக்ரோலிட்டர் பஃபரில் கலக்குங்கள். ஒளியடர்த்தி 10 ஆகும். பஃபரில் 0.5 சதவீதம் இந்தியன் இங்க் சேர்த்தால் தொடங்கிய புள்ளி கறுப்பாகத் தெரியும், அளவெடுக்க வசதி. 10 மைக்ரோலிட்டர் நடுவில் வைத்து, பத்து நிமிடம் உலரவிட்டு, 37 டிகிரியில் வையுங்கள். அரைமணிக்கொரு முறை ஆரத்தை அளந்து குறியுங்கள்.

முதல் ஒன்றிரண்டு மணி நேரம் எதுவும் நகராது. பயந்து தட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அந்தத் தாமதம் இயல்பு. பிறகு ஓரத்துக்கு முன்னால் கண்ணாடிபோல ஒரு மெல்லிய ஈரவளையம் ஓடுவதைச் சாய்ந்த ஒளியில் பார்க்கலாம். சர்ஃபாக்டின் விரித்துக்கொடுக்கும் பாதை அது. செல்கள் அதன் பின்னால் கசையிழைகளைச் சுழற்றிக்கொண்டு வரும்.

தட்டுக்குத் தட்டு முடிவு மாறுகிறதே?

பத்துக்கு ஒன்பது முறை காரணம் ஈரம்தான். உலர்த்தும் நேரம் 20 நிமிடத்துக்குப் பதில் 40 ஆனால் இயல்பான வகையும் நின்றுவிடும். உலர்த்தாமல் விட்டால் தேங்கிய நீரில் செல்கள் நீந்திப் பரவும், சர்ஃபாக்டின் இல்லாத மியூட்டண்டும் பரவியதுபோல் தெரியும். அகார் 0.3 சதவீதத்துக்கு இறங்கினால் அது அகாருக்குள்ளேயே நீந்தும் சோதனையாகிவிடும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆறவைத்தால் நடுத்தட்டு அதிக ஈரமாக இருக்கும். ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். முந்தின நாள் ஊற்றிய தட்டையும் அன்று ஊற்றியதையும் ஒரே சோதனையில் கலக்காதீர்கள்.

கசையிழை இல்லாத மியூட்டண்ட் ஒன்றைக் கட்டுப்பாடாக வையுங்கள். அதுவும் பரவினால் நீங்கள் பார்ப்பது கூட்டப் பரவல் அல்ல, வழுக்கிப் பரவல். அதற்கும் சர்ஃபாக்டின் வேண்டும், ஆனால் மோட்டார் வேண்டாம். சர்ஃபாக்டின் இல்லாத மியூட்டண்டுக்குத் தூய சர்ஃபாக்டின் தடவிய தட்டில் பரவல் திரும்பினால், பழுது அங்கேதான் என்று உறுதி சொல்லலாம்.

பெப்டைடு இருக்கிறதா என்று விரைவாகப் பார்க்க வழி?

துளி சரியும் சோதனை. செல்களைச் சென்ட்ரிஃபியூஜில் நீக்கிய மேல்திரவத்தை 25 மைக்ரோலிட்டர் எடுத்து, மெழுகுத் தாளான பாராஃபிலிம் மேல் வையுங்கள். பக்கத்தில் தூய நீர் ஒரு துளி, எதுவும் வளர்க்காத ஊடகம் ஒரு துளி. நீர்த்துளி குண்டாக நிற்கும். சர்ஃபாக்டின் உள்ள துளி ஒரு நிமிடத்துக்குள் தட்டையாகப் படுத்துவிடும். சொட்டு மெத்திலீன் நீலம் கலந்தால் விளிம்பு தெளிவாகத் தெரியும், துளியின் தன்மை மாறாது. ஊடகத் துளியை மறக்கவே மறக்காதீர்கள்: எல்பியே இழுவிசையைக் கொஞ்சம் குறைக்கும். கண்ணாடிக் குழாயில் மிஞ்சிய டிடர்ஜென்ட், பாராஃபிலிமில் பட்ட விரல் எண்ணெய் இரண்டும் பொய் விடை தரும். இளம் வளர்ப்பில் எதிர்மறை வந்தால் அது விடை இல்லை. செல்கள் நெருங்கி, வளர்ச்சி தேங்கும் கட்டம் வரை காத்திருங்கள்.

சர்ஃபாக்டினைப் பிரித்தெடுப்பது எப்படி?

மேல்திரவத்தின் பிஎச்சை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 2-க்கு இறக்கி, 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். குளூட்டமிக், ஆஸ்பார்டிக் இரண்டின் மின்னேற்றமும் அப்போது அணைந்துவிடுவதால், வளையம் நீரில் நிற்க முடியாமல் வீழ்படிவாக இறங்கும். சுற்றி எடுத்து மெத்தனாலில் கரையுங்கள். நிறை நிறமாலையில் 1,008, 1,022, 1,036 என்று 14 வித்தியாசத்தில் ஒரு படிக்கட்டு தெரிய வேண்டும். வாலில் ஒவ்வொரு கார்பன் கூடுவதன் அடையாளம் அது. 22 கூடிய இன்னொரு படிக்கட்டு சோடியம் ஒட்டியது, கலப்படம் அல்ல.

பெரிய பாத்திரத்தில் வளர்த்தால் நுரை பொங்கி வடிகட்டியை நனைத்து, காற்று வழி அடைபடும். நுரை அடக்கி ஊற்றுவது சுலபம், ஆனால் பின்னால் தூய்மைப்படுத்தும்போது அதுவே தலைவலி. நுரையிலேதான் சர்ஃபாக்டின் செறிந்திருக்கிறது என்பதால், நுரையை ஒரு குழாய் வழியே தனிக் குடுவைக்கு விட்டுச் சேகரிப்பதே புத்திசாலித்தனம். 1981-லேயே இந்த முறையும், இரும்பு அல்லது மாங்கனீசு உப்பு சேர்த்து விளைச்சலைக் கூட்டுவதும் விவரிக்கப்பட்டுவிட்டன.

வயலில் போடும் பேசில்லஸ் சப்டிலிஸ் பொடியிலும் இதுதான் நடக்கிறதா?

ஓரளவு. பொடியில் இருப்பது உறங்கும் ஸ்போர். சர்ஃபாக்டின் முளைத்த பிறகு வேர்ப்பரப்பில் உண்டாகிறது. அராபிடாப்சிஸ் செடியின் வேரில் பேசில்லஸ் படலம் கட்டி, சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற நோய்க்கிருமியிடமிருந்து காக்க சர்ஃபாக்டின் தேவைப்பட்டதை 2004-ல் காட்டினார்கள். வேரில் குடியேற்றம் இல்லாமல் பலன் இல்லை. ஆகவே ஸ்டிரெப்டோமைசின் கலந்த மருந்தோடு ஒரே நாளில் கலந்து ஊற்றாதீர்கள். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இந்தப் பாக்டீரியாவையும் கொல்லும்.

நோய்க்கிருமிகளில் இதன் பங்கு?

ஸ்டஃபைலோகாக்கஸின் மோடுலின்களில் ஆல்ஃபா வகை சுமார் 20 அமினோ அமிலம், டெல்டா நச்சு 26, பீட்டா வகை சுமார் 44. செல் நெருக்கத்தை உணரும் ஏஜிஆர் அமைப்பின் கட்டுப்பாட்டில் இவை சுரக்கின்றன. உயிர்ப்படலத்துக்குள் வாய்க்கால்களைத் திறக்கவும், துண்டுகள் பிரிந்து வேறிடம் போகவும், வெள்ளையணுக்களைத் துளைக்கவும் உதவுகின்றன. இதற்குரிய பாதுகாப்பு நிலை உள்ள ஆய்வகத்தில் மட்டுமே கையாள வேண்டும்.

ஒரே தட்டில் பல மியூட்டண்ட்களை வைத்து ஒப்பிடலாமா?

வான்இழையோ கூட்டப் பரவலோ பார்ப்பதாக இருந்தால் கூடாது. ஒரு வகையிலிருந்து கசிந்த பெப்டைடு பக்கத்து வகையின் குறையை மறைத்துவிடும், அல்லது சர்ஃபாக்டின்போல நல்லதையும் முடக்கிவிடும். ஒரு தட்டுக்கு ஒரு வகை, மூன்று பிரதிகள். உதவியைத்தான் சோதிக்கிறீர்கள் என்றால் மட்டும் இரண்டை அருகருகே வையுங்கள். அப்போது இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து தட்டின் அடியிலேயே எழுதிவிடுங்கள், காலனி பெருத்த பிறகு அந்த அளவு கிடைக்காது.